மெஷினுக்கு நான் எழுதிக் கொடுத்த தமிழ்

எங்கள் கம்பெனி சுவரில் தொங்குகிற மெஷின் தமிழில் பேசுகிறதென்றால், அது என் தமிழ். கொஞ்ச நாள் இதைச் சொல்லிச் சொல்லித்தான் ஊர் சுற்றினேன். இப்போது யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், தே தாரே குடிக்கலாமா என்று கேட்டு எழுந்துவிடுகிறேன்.

நான் ஸ்டோரில் வேலை செய்கிறவன். பாயான் பாருவை ஒட்டிய தொழிற்பேட்டையில், ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய பிளாஸ்டிக் குழாயும் பையும் செய்கிற ஃபேக்டரி. பெட்டி வந்தால் இறக்குவது, பெட்டி போனால் ஏற்றுவது, நடுவில் வாய் பேசுவது, இதுதான் என் வேலை. படிப்பு படிவம் நான்கோடு நின்றது. நான் நிறுத்தினேனா, பள்ளிக்கூடம் நிறுத்தியதா என்பதில் எங்கள் வீட்டில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. ஆனால் முதல் ஆறு வருஷம் தமிழ்ப் பள்ளியில் படித்தேன். அந்த ஆறு வருஷம் இப்படி ஒரு நாள் வந்து என் கழுத்தில் விழும் என்று நினைக்கவில்லை.

போன வருஷம் கம்பெனி ஒரு பெரிய சாஃப்ட்வேர் வாங்கியது. லீவு, ஓவர்டைம், ஸ்டோரில் எத்தனை பெட்டி, லைனில் எத்தனை பெட்டி, யார் வந்தார், யார் வரவில்லை, எல்லாம் அதற்குள் போய்விடும். கேன்டீன் சுவரில் தொடுதிரை வைத்த மெஷின் நான்கு மாட்டினார்கள். வாசல் கேட்டில் ஒன்று. திரையின் மூலையில் மொழி மாற்றுகிற பட்டன். இங்கிலீஷ், மலாய், சீனம், தமிழ். ஒருவர் ஒருமுறை தமிழை அமுக்கிவிட்டால், அதன் பிறகு அவர் கார்டை எந்த மெஷினில் தட்டினாலும் தமிழ்தான் வரும். பட்டன் வந்துவிட்டது. அதற்குப் பின்னால் தமிழ்தான் இல்லை.

அதை வைக்க வந்தவள் சாஃப்ட்வேர் விற்ற கம்பெனியின் பெண். கோலாலம்பூர்க்காரி, என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். தமிழ் பேசினால் சண்டைக்கு வருகிற மாதிரி வேகமாகப் பேசுவாள். ஆனால் மலாய்ப் பள்ளியில் படித்தவள், ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. கேன்டீனில் வந்து நின்று, இங்கே யாருக்குத் தமிழ் எழுதத் தெரியும் என்று கேட்டாள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அத்தனை கையும் என்னைக் காட்டின. அவ்வளவு நாள் நான் கிண்டல் பண்ணியதற்கு அவர்கள் எடுத்த பழி அது என்று நினைக்கிறேன்.

எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. இரண்டு வாரம் பெட்டி தூக்க வேண்டாம். ஏர்கான் அறை, சக்கரம் வைத்த நாற்காலி. அவள் ஒரு நீளமான எக்செல் அட்டவணையைத் திறந்து காட்டினாள். இடது பக்கம் இங்கிலீஷ். அடுத்தது மலாய், அதை எச்.ஆரில் இருக்கிற ஒரு அம்மா நிரப்பினார். மலாய்க்காரர், நாங்களெல்லாம் அவரைக் காக் என்று கூப்பிடுவோம், மலாயில் அக்கா என்று அர்த்தம். அடுத்தது சீனம், அதற்குக் கணக்குப் பிரிவில் ஒரு அங்கிள். கடைசிப் பத்தி என்னுடையது, மேலிருந்து கீழ்வரை மஞ்சள் கட்டங்கள். ஒரு கட்டத்தில் எதையாவது எழுதினால் மஞ்சள் பச்சையாக மாறிவிடும்.

“தெரியலன்னா சும்மா விட்டுரு ப்ரோ. காலியா இருந்தா மெஷினே இங்கிலீஷக் காட்டிரும். தப்பா எழுதுறதுக்கு காலியா விடுறது நல்லது” என்றாள்.

முதல் வாரம் நான் உண்மையாகவே நன்றாக வேலை செய்தேன். இதைச் சொல்லாவிட்டால் என் பக்கம் சொல்ல ஒன்றுமே இருக்காது. விடுப்பு என்று எழுதினால் லைனில் இருக்கிற அக்காமார் யாருக்கும் பிடிபடாது, லீவு என்றுதான் எழுதவேண்டும் என்று சண்டை போட்டு வாங்கினேன். முதல் தடவை திரையில் ஏற்றிப் பார்த்தபோது கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகக் கழன்று கிடந்தது. அவளுக்கு அது அழகான டிசைன் மாதிரி தெரிந்திருக்கிறது. நான் சிரித்த சிரிப்பில் எழுத்துருவையே மாற்றினாள். பட்டனுக்குள் வார்த்தை அடங்காமல் வெளியே வழிந்த இடத்தில் எல்லாம் சின்ன வார்த்தையாகத் தேடிக் கொடுத்தேன். ‘சேமி’ ஒரு பட்டன், ‘அனுப்பு’ ஒரு பட்டன். என் வாழ்க்கையில் ஒருவர் என்னிடம் வந்து இது சரியா என்று கேட்டது அந்த வாரம்தான்.

இரண்டாவது வாரம் அறிவிப்பு வாக்கியங்கள் வந்தன. இரண்டு வரி, மூன்று வரி இங்கிலீஷ். படித்துக்கொண்டே போனால் பாதியில் தொடக்கம் மறந்துவிடும். மலாய்ப் பத்தி முழுக்கப் பச்சை. சீனமும் கிட்டத்தட்டப் பச்சை. எனக்கு மட்டும் நடுவில் மஞ்சள் மஞ்சளாகச் சொறி பிடித்த மாதிரி இருந்தது. காலியாக விடு என்று அவள் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் காலியாக விட்டால், எனக்கு இங்கிலீஷ் வரவில்லை என்று அந்த அறையில் இருக்கிற எல்லோருக்கும் மஞ்சள் கலரில் எழுதி மாட்டின மாதிரி இருக்குமே. அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

அதனால் தெரியாத கட்டங்களில் வாய்க்கு வந்ததை எழுதினேன். பிறகு வந்து திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். லீவு பக்கத்தில் ஒரு நீள வாக்கியம் இருந்தது. அதில் சேமிப்பதைப் பற்றி ஏதோ வந்தது. மீதியைப் படிக்கவில்லை. ‘எல்லாம் முடிஞ்சுது. கவலைப்படாம போய்ட்டு வாங்க. வரும்போது எனக்கு ஏதாச்சும் வாங்கிட்டு வாங்க’ என்று எழுதினேன். கட்டம் பச்சையானது. வாசல் மெஷினுக்கு ஒன்று, ‘இன்னிக்கு உங்களுக்கு லக்கு இல்ல. ஓரமாப் போய் நில்லுங்க’. அதுவும் பச்சை. எனக்கே சிரிப்பு வந்தது.

கடைசி நாள் ஒரு தாள் வந்தது. எழுதியவர் ஒரு கையெழுத்து, சரிபார்த்தவர் ஒரு கையெழுத்து. மலாய்க்கு இரண்டு பேர் இருந்தார்கள், சீனத்துக்கும் இரண்டு பேர். தமிழுக்கு எழுதியவனும் நான், வாசிக்கத் தெரிந்தவனும் நான். எல்லாம் சரிதானே என்று அவள் கேட்டாள். சரி என்று இரண்டு கோட்டிலும் நானே கையெழுத்துப் போட்டேன். அவள் என்னை ரோட்டோரத்து நாசி கண்டார் சோற்றுக் கடைக்கு அழைத்துப்போய் மீன் தலை வாங்கிக் கொடுத்தாள். திருத்துவதை அந்தக் குழம்போடு சேர்த்து முழுங்கிவிட்டேன்.

இனி இன்னொரு அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும், தமிழ் அக்கா. பேக்கிங் லைனில் இருக்கிறவர், ஐம்பதைத் தாண்டிய வயது. பத்து காவான் என்கிற ஊர் வெறும் தோட்டமாக இருந்த காலத்தில் அங்கே பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரைக்கும் படித்தவர். மலாய் பேசுவார், பாசாரில் பேரம் பேசுகிற மலாய். எழுத்தில் நான்கு வரி வந்துவிட்டால் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். ஆனால் தமிழ் என்றால் பலகாரம் சுற்றி வந்த தாளைக்கூட எண்ணெயைத் துடைத்துவிட்டு வாசிப்பார். முன்பெல்லாம் லீவு பாரம் நிரப்ப என்னிடம்தான் வருவார். நான் தின்ன ஒரு கறிபாப் கேட்பேன். இல்லையென்றால் காரணம் என்கிற இடத்தில் ‘புதுக் காதல்’ என்று எழுதிவிடுவேன் என்று மிரட்டுவேன். என் மண்டையில் ஒரு தட்டு தட்டிவிட்டு வாங்கிக் கொடுப்பார்.

மெஷின் தமிழ் பேச ஆரம்பித்த அன்றைக்கு அக்கா அதன் முன்னால் நின்று, எல்லாப் பக்கத்தையும் அமுக்கி அமுக்கி வாசித்தார். பின்னால் வரிசை நீண்டது. யார் முணுமுணுத்தாலும் காதில் வாங்கவில்லை. கடைசியில் என்னைப் பார்த்து, “இனிமே உன் மூஞ்சியப் பாத்து நிக்க வேணாம்லா” என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

அவருடைய மகளுக்கு சபாவில் யுனிவர்சிட்டி கிடைத்தது. வீட்டில் முதல் ஆள். கோத்தா கினபாலு வரைக்கும் பிளேன் ஏறிப் போய் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வர மூன்று நாள் லீவு வேண்டும். அக்கா அதை யாரிடமும் கேட்காமல் தானே மெஷினில் போட்டார். போட்டுவிட்டு ஸ்டோர் ஜன்னல் பக்கமாக வந்து, “ஒனக்கு என்னடா வாங்கிட்டு வரணும்” என்று கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முத்து மாலை என்றேன். கழுத்து இருக்கா உனக்கு என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவர் போன இரண்டாவது நாள் லைன் சூப்பர்வைசர் ஸ்டோருக்கு வந்தார். சீனர், எல்லோரையும் ஒரே மாதிரி திட்டுகிற நல்ல மனிதர். அந்த ஆன்ட்டி எங்கே, லிஸ்டில் லீவு இல்லையே என்று கேட்டார். மலை ஏறப் போயிருக்காங்க பாஸ், மெஷினைக் கேளுங்க என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அந்த நிமிஷம் நான் சிரிக்காமல் ஒரு போன் அடித்திருந்தால் போதும். அக்காவின் நம்பர் என் போனில் இருந்தது.

நான்காம் நாள் காலை ஷிப்ட். கேட்டில் அக்கா எனக்கு மூன்று பேர் முன்னால் நின்றார். கார்டைத் தட்டினார். சிவப்பு விளக்கு. திரையில் தமிழ். அக்கா கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு சத்தமாக வாசித்தார், “இன்னிக்கு உங்களுக்கு லக்கு இல்ல. ஓரமாப் போய் நில்லுங்க.” வாசித்துவிட்டு அவரே சிரித்தார். பின்னால் இருந்த தமிழ் ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். திரும்பவும் தட்டினார். திரும்பவும் அதே வரி. மூன்றாவது தடவை யாரும் சிரிக்கவில்லை. நேப்பாளி காவலாளி வந்து அவரை மெதுவாக ஓரமாக நிறுத்தினான். என் முறை வந்தது. நான் தட்டினேன், பச்சை. அக்கா என்னைப் பார்த்து, என்னடா இது என்று கையைக் காட்டிக் கேட்டார். ஒரு நிமிஷம்கா, கேட்டுட்டு வரேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். கேட்கவில்லை. ஸ்டோருக்குள் போய்ப் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

நடந்தது இதுதான். சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு நாளுக்கு மேல் வராவிட்டால் வேலையை விட்டுப் போனதாக எடுத்துக்கொள்ளலாம் என்பது சட்டம். முன்பு என்றால் யாராவது ஒருவர் யோசிப்பார், வீட்டுக்குப் போன் அடிப்பார். இப்போது சாஃப்ட்வேர் நாளை எண்ணியது, கார்டை நிறுத்தியது, கடிதத்தையும் அதுவே அடித்துக் கொடுத்தது. அக்கா மெஷினில் ‘சேமி’யை அமுக்கியிருக்கிறார். அதற்குப் பிறகு ‘அனுப்பு’ என்று ஒன்று இருக்கிறது. நான் படிக்காமல் விட்ட அந்த நீள வாக்கியம் அதைத்தான் சொல்கிறது. உங்கள் விண்ணப்பம் சேமிக்கப்பட்டிருக்கிறது, இன்னும் அனுப்பப்படவில்லை, அனுப்பினால்தான் செல்லும். இது எனக்கு அன்றைக்கு மத்தியானம்தான் தெரிந்தது. ஒரு மெஷினில் நானே லீவு போடுகிற மாதிரி போட்டு, இங்கிலீஷுக்கு மாற்றி, போனில் அந்த வாக்கியத்தைப் போட்டு மலாயில் படித்தேன். பிறகு தமிழுக்கு மாற்றினேன். வரும்போது எனக்கு ஏதாச்சும் வாங்கிட்டு வாங்க என்றது மெஷின்.

காக் நல்லவர். கடிதத்தை உடனே கையில் கொடுக்காமல், வெள்ளிக்கிழமை ஒரு விசாரணை வைக்கலாம், அக்கா தன் பக்கத்தைச் சொல்லட்டும் என்றார். அதுவரைக்கும் வேலைக்கு வரக்கூடாது. பேச்சு முழுக்க ஆபிஸ் மலாயில் நடக்கும் என்பதால், மொழிபெயர்க்க ஒரு ஆளைக் கூட்டி வரலாம். அக்கா யாரைச் சொல்வார்? என்னைத்தான் சொன்னார்.

வியாழக்கிழமை மத்தியானம் எனக்குப் போன் அடித்தார். பயந்துதான் எடுத்தேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. மெஷின் தப்புப் பண்ணிவிட்டது, நாளைக்கு அதை அவர்கள் முன்னாலேயே அமுக்கிக் காட்டுகிறேன், நீ பக்கத்தில் நின்று அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே மலாயில் சொல்லு, அது போதும் என்றார். அவர் மனதில் நான் எழுதியது சரி, மெஷின்தான் தவறியது. பிறகு ஒன்று சொன்னார்.

“எப்பவும் அனுப்பினமா இல்லையான்னு நாலு பேரக் கேப்பேன்டா. இது நீ பேசுற மாதிரியே இருந்துச்சு. அதான் கேக்கல, நம்பிட்டேன்.”

போனை வைத்தேன். ஏர்கான் அறையில் நான் உபயோகித்த பாஸ்வேர்டை யாரும் நிறுத்தியிருக்கவில்லை. ஸ்டோர் கம்ப்யூட்டரிலேயே திறந்தது. என் பத்திக்குப் போய், அந்த இரண்டு கட்டத்தையும் தேடி, சரியாக எழுதினேன். ‘சேமிக்கப்பட்டது. இன்னும் அனுப்பவில்லை. லீவு கேட்க அனுப்பு பட்டனை அமுக்கவும்.’ நல்ல தமிழ். முதல் நாளே எழுதியிருக்க வேண்டிய தமிழ். வேறு யாரும் இதில் மாட்டிக்கொள்ளக்கூடாது என்பதற்காகத்தான் மாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். நாளைக்கு அவர்கள் முன்னால் அந்த மெஷின் என் குரலில் பேசிவிடக்கூடாது என்பதுதான் காரணம். அக்கா நாளைக்குக் காட்டப்போவதாகச் சொன்ன ஒரே சாட்சி அதுதான் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அமுக்கினேன்.

வெள்ளிக்கிழமை கேன்டீன் பக்கத்துச் சின்ன அறையில் நான்கு பேர் உட்கார்ந்தோம். காக், சூப்பர்வைசர், அக்கா, நான். சுவரில் இருந்த மெஷின் ஒன்றைக் கழற்றி மேசை மேல் வைத்திருந்தார்கள். அக்கா கோயிலுக்குக் கட்டுகிற மாதிரி நல்ல சேலை கட்டி வந்திருந்தார். யூனிபார்ம் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். காக் கேட்டதை நான் தமிழில் சொன்னேன், அக்கா சொன்னதை மலாயில் சொன்னேன். ‘எல்லாம் முடிஞ்சுது, போய்ட்டு வாங்க’ என்று மெஷின் சொன்னது என்றார் அக்கா. அதையும் மலாயில் சொன்னேன். சூப்பர்வைசர் புருவத்தைத் தூக்கினார். சரி, செய்து காட்டச் சொல்லு என்றார் காக்.

இதற்காகக் காக் திறந்துவிட்டிருந்த கார்டை அக்கா தட்டினார். லீவு. மூன்று நாள். சேமி. திரை மாறியது. வாங்க, வந்து பாருங்க என்கிற மாதிரி திரையைக் காக் பக்கமாகத் திருப்பி, விரலை எழுத்துக்கு அடியில் வைத்து, உரக்க வாசிக்கத் தொடங்கினார்.

“சேமிக்கப்பட்டது. இன்னும் அனுப்ப…”

விரல் நின்றது. திரும்ப முதலிலிருந்து வாசித்தார், இந்த முறை சத்தமில்லாமல். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, மூன்றாவது தடவை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. இதைத்தான் நான் இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேன். சந்தேகப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் தன்னைத்தான் சந்தேகப்பட்டார்.

“இப்படித்தான் இருந்துச்சோ அன்னிக்கும்” என்று மெதுவாகச் சொன்னார். “நான்தான் தப்பாப் படிச்சிட்டேன் போல. மக போற அவசரம். சொல்லிருடா, தப்பாப் படிச்சிட்டேன்னு சொல்லிரு.”

நான் சொன்னேன். இவங்க தப்பாப் படிச்சுட்டாங்களாம் என்று மலாயில், ஒரு வார்த்தை விடாமல், சரியாக மொழிபெயர்த்தேன். காக் தலையை ஆட்டிக்கொண்டு எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்துத் தாளைத் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பேனாவால் காட்டினார். அக்கா பேனாவை வாங்கினார். தமிழில் கையெழுத்துப் போடுகிறவர் அவர், எழுத்து எழுத்தாக, கோணாமல் எழுதுவார். முதல் எழுத்தைப் போட்டுவிட்டார்.

“காக், ஜாங்ஙான் டூலு” என்றேன். கொஞ்சம் பொறுங்க என்று அர்த்தம்.

பிறகு எல்லாவற்றையும் மலாயில் சொன்னேன். கட்டத்தை நிரப்பியது, படிக்காமல் நிரப்பியது, சரிபார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டது, நேற்று மத்தியானம் மாற்றியது. வேகமாகச் சொன்னேன், மேசையைப் பார்த்துக்கொண்டு. அக்காவுக்குப் புரியாத மலாயாகத் தேடித் தேடிச் சொன்னேன் என்பது எனக்கே பிறகுதான் உறைத்தது. சூப்பர்வைசர் தன் வீட்டுச் சீனத்தில், ஹொக்கியனில், ஏதோ சொன்னார். காக் கோலாலம்பூருக்குப் போன் அடித்து, அந்தப் பெண்ணிடம் பேசி, ஸ்பீக்கரில் போட்டார். சாஃப்ட்வேர் ஒவ்வொரு மாற்றத்தையும் பழைய வரியோடு, மாற்றியவன் பெயரோடு, நேரத்தோடு வைத்திருக்குமாம். அவள் அதை அங்கிருந்து திறந்துவிட்டாள். திறந்து என்ன பயன், அவளுக்கு வாசிக்கத் தெரியாது. “ப்ரோ, இதுல என்ன எழுதியிருக்கு, நீயே சொல்லு” என்றாள். அந்த வரியை மேசை மேல் இருந்த திரைக்கு அனுப்பினாள்.

அக்கா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் வாய் திறப்பதற்குள் அவரே வாசித்துவிட்டார். எல்லாம் முடிஞ்சுது. கவலைப்படாம போய்ட்டு வாங்க. ஒரு இடத்திலும் தடுக்கவில்லை.

“என்னடா நடக்குது இங்க” என்று என்னைக் கேட்டார்.

தமிழில் சொல்லவேண்டியதாகிவிட்டது. மலாயில் அவ்வளவு நீளமாக இருந்தது, தமிழில் இரண்டு வரியில் முடிந்துவிட்டது.

“நீங்க சரியாத்தான்கா படிச்சீங்க. நான்தான் சும்மா எழுதினேன், நேத்து பயந்துக்கிட்டு மாத்திட்டேன்.”

அவர் என் மண்டையில் தட்டுவார் என்று நினைத்தேன், குனிந்துகூடக் கொடுத்தேன். தட்டவில்லை. பேனாவை மூடி வைத்தார். தான் போட்ட அந்த ஒரு எழுத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். பால்பாயின்ட் மை, போகவில்லை.

அக்காவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அந்த மூன்று நாளும் லீவாக ஏற்றப்பட்டது, திங்கட்கிழமை கார்டு பச்சை காட்டியது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், பாஸ்வேர்டைப் பிடுங்கினார்கள். அது என் கணக்குக்குக் குறைவு. கேன்டீனில் சிலர் அந்த வரியைச் சொல்லி இன்னும் சிரிக்கிறார்கள், டேய் வாங்கிட்டு வரவா என்று கேட்கிறார்கள். நானும் பல்லைக் காட்டுகிறேன். கிண்டல் பண்ணுகிறவன் அதற்குத் தப்ப முடியுமா.

அக்கா என்னோடு பேசாமல் இல்லை. பெட்டி வந்துச்சா என்று கேட்பார், வந்துச்சுக்கா என்பேன். அதற்கு மேல் எடுத்துக் கொடுத்தாலும் பேச்சு நீளாது. மகள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு நாள் கேட்டேன். நல்லா இருக்கா என்றார். அங்கே சாப்பாடு ஒத்துக்கவில்லையாம், அதை என்னிடம் சொல்லாமல் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

போன மாதம் அந்தப் பெண் கோலாலம்பூரிலிருந்து மறுபடி வந்தாள். தமிழ்ப் பத்தி முழுவதையும் திரும்பப் பார்க்கவேண்டும், இந்த முறை எழுதுகிறவர் வேறு, வாசித்துச் சரிபார்க்கிறவர் வேறாக இருக்கவேண்டும் என்று விதி போட்டிருந்தார்கள். எழுதுவதற்கு, காக் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிற நிபந்தனையில், என்னையே வைத்தார்கள். வேறு ஆள் கிடைக்கவில்லை. சரிபார்க்க யார் என்று கேட்டபோது நான் அக்காவைச் சொன்னேன். காக்குக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது.

டீ நேரத்தில் காக்கும் நானும் பேக்கிங் லைனுக்குப் போனோம். அக்கா தலையுறையைக் கழற்றி மடியில் வைத்து, ரொட்டியைக் கோப்பியில் நனைத்துக்கொண்டிருந்தார். காக் ஆபிஸ் மலாயில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, சொல்லு என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அக்கா என் பக்கம் திரும்பவில்லை. காக்கைப் பார்த்து, தன்னுடைய பாசார் மலாயில், நேராகவே சொன்னார்.

“சாயா தா பண்டாய் பாச்சா, காக்.”

எனக்கு வாசிக்க வராது என்று அர்த்தம். காக் திரும்பி என்னைப் பார்த்தார். நல்லா வாசிப்பாங்க காக், எங்க எல்லாரையும்விட நல்லா வாசிப்பாங்க என்று நான் மலாயில் சொன்னேன். காக்கிடம்தான் சொன்னேன், ஆனால் அக்காவுக்கும் புரிகிற மலாயில் சொன்னேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. அக்கா கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார், தலையுறையை இரண்டு காதும் மறைகிற மாதிரி இழுத்து மாட்டிக்கொண்டார், லைனுக்குப் போனார்.